இதர என்று ஒரு தட்டு

ஒரு பொருள் ஓர் இடத்தைச் சேர்ந்தது என்று எப்போதிலிருந்து சொல்லலாம்? அங்கே கொண்டுபோய் வைத்த நேரத்திலிருந்தா, அல்லது அங்கே காணாமல் யாராவது தேடும் நேரத்திலிருந்தா? புத்தகங்களில் இந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட அளவுக்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. பேருந்து டெப்போ ஒன்றில் உதிரிபாக ஸ்டோரைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர், அப்படிப்பட்ட புத்தகம் எதையும் திறந்து பார்க்காமலே, தன் பிள்ளைகளின் படுக்கையறையில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. அவர் பதிலைக் கண்டுபிடித்தார் என்று சொல்லமாட்டேன். கேள்வி அவரை விட்டுப் போகவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

டெப்போவில் அவருக்கு ‘இடம்’ என்று பெயர். மெக்கானிக் யாராவது கறை படிந்த கையோடு ஓடிவந்து, “சார், அந்த வாஷர் எங்க சார்?” என்று கேட்டால், “அதோட இடத்துல” என்பார். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரே பதில். அதனால் வந்த பெயர். “இடம் இன்னைக்கு லீவா?”, “இடம் சாப்பிடப் போயிருக்கு” என்று பேசிக்கொள்வார்கள். “பேருதான் இடம். ஒருத்தனுக்கும் இடம் குடுக்க மாட்டாரு” என்பது டீ நேரத்துச் சிரிப்பு. அவர் காதில் விழும்படிதான் சொல்வார்கள். அவர் டம்ளரைக் கழுவி, அதன் இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவார்.

அவர் பொறுப்பேற்றபோது ஸ்டோரின் பின்மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் இருந்தது. மேலே ஓர் அட்டை: ‘இதர’. எந்தப் பிரிவிலும் சேராதவை என்று முன்பு இருந்தவர் தூக்கி எறிந்தவை. அதைப் பிரித்து அடுக்க இவருக்குப் பதினொரு மாதம் ஆனது. குவியலின் அடியில் ஒரு பிரேக் வால்வு கிடைத்தது. அது இல்லையென்று ஆறு மாதமாக ஒரு பேருந்து சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைக்க நின்றுகொண்டிருந்தது. அன்றோடு ‘இதர’ என்ற தலைப்பை ஸ்டோரிலிருந்து ஒழித்தார். ஒரே ஒரு சலுகை உண்டு. வந்து இறங்கிய சரக்கு என்னவென்று உடனே தெரியாவிட்டால், சாயங்காலம் வரை அதன்மேல் ‘இதர’ என்று எழுதி வைக்கலாம். பூட்டுவதற்குள் அதற்கான இடத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஆக, அவர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று பொருள். மற்றவர்கள் அகராதியில் அப்படி இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பின்னால் வந்த வினைக்கு இதுதான் காரணம்.

வீட்டில் பிள்ளைகளின் அறை பத்தடிக்குப் பதினோரு அடி. ஒரு ஜன்னல், ஓர் அடுக்குக் கட்டில். மேல்தட்டில் பதின்மூன்று வயது மகள், கீழே ஒன்பது வயது மகன். எதிர்ச் சுவரில் அவரே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்து அடித்த மர ரேக். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு தட்டு. பழைய ஸ்டாக் அட்டைகளை வெட்டி, பின்பக்கத்தில் நீல மையால் எழுதி, ஒவ்வொரு தட்டிலும் ஒட்டியிருந்தார். ‘சட்டை – பள்ளி.’ ‘சட்டை – வீடு.’ ‘பென்சில் வகை.’ ‘பொம்மை – சக்கரம் உள்ளது.’ ‘பொம்மை – சக்கரம் இல்லாதது.’ பிள்ளைகளின் பெயர் எதிலும் கிடையாது. சரக்கின் பெயரைத்தான் எழுத வேண்டும், வாங்கிப் போகிறவரின் பெயரை அல்ல என்பது ஸ்டோர் முறை.

மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்த அவர் மனைவி, வருகிறவர்களிடமெல்லாம் அந்த ரேக்கைக் காட்டுவாள். “என் நெத்தியில மட்டும்தான் ஒட்டல. ஒட்டினா என்ன எழுதியிருப்பாரு தெரியுமா? ‘மனைவி – ஒண்ணு. மாற்று கிடையாது.’”

“எழுதி வெச்சுட்டேன். ஒட்டத்தான் பயம்” என்பார் அவர்.

தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கூடத்திலிருந்து “ஸ்டாக்!” என்று ஒரு குரல் கொடுப்பார். அவர் அறுபது எண்ணி முடிப்பதற்குள் தரையில் கிடப்பதெல்லாம் தட்டுக்குப் போய்விட வேண்டும். அதன் பிறகுதான் விளையாட்டு. பிள்ளைகளில் ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார்கள். அப்பா ஒரு பொருளின் பெயரைச் சொல்வார். “ஊதா ரிப்பன்!” “உடைஞ்ச ஸ்கேல், பெரிய பாதி!” தடவிக்கொண்டே போய் எடுத்து வர வேண்டும். தவறாக எடுத்தவரின் முதுகில் மற்றவர் ஏறிக் கூடத்தை ஒரு சுற்று வருவார். ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே நான் கொஞ்சம் எட்டி நிற்பவன். ஒழுங்கின் பெயரால் பிள்ளைகளை வாட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆறரை மணிக்கு அந்த வீட்டிலிருந்து வரும் சிரிப்புத் தெருமுனை வரை கேட்கும். அதை மறைப்பது நியாயமில்லை.

இந்த அறைக்குத்தான் மனைவியின் தங்கை மகள் வந்து சேர்ந்தாள். ஏழு வயது. அவளுடைய அம்மாவுக்கு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் ஒரு வருட வேலை. அப்பா லாரி ஓட்டுபவர். பத்து நாளைக்கு ஒரு முறைதான் இந்தப் பக்கம் வருவார். விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் பேசி வைத்திருந்தார்கள். போனில் அதைக் கேட்டதும் அவர் குறுக்கிட்டார்: “விடுதி எதுக்கு? எங்க வீட்டுல இடம் இருக்கு.”

லாரிக்காரர் மகளைக் கொண்டுவந்து விட்டபோது வாசலில் நின்றே சொன்னார்: “சகலை, பத்து நாள் பாருங்க. இவ பிடிவாதக்காரி. பையப் பிரிச்சு துணிய எடுத்து வெச்சான்னா இருந்துக்கட்டும். வெக்கலன்னா, அடுத்த ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு வரேன், விடுதிக்கே கூட்டிட்டுப் போயிடறேன். அங்க திங்கக்கிழமை வரைக்கும்தான் சீட்டு வெச்சிருப்பாங்க.”

ஜன்னலுக்குக் கீழே ஒரு மடக்குக் கட்டில் போட்டார்கள். சிறுமி தன்னைவிடப் பெரிய பையை அதன் அடியில் தள்ளிவிட்டு, அதன் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே தூங்கினாள். “அவ பேரு இனிமே மூட்டை” என்றான் மகன். அக்கா மேலிருந்து தலையணையை எறிந்தாள்.

அன்றே அவர் ரேக்கில் ஒரு தட்டைக் காலி செய்தார். சக்கரம் உள்ள பொம்மைகளும் இல்லாதவையும் ஒன்றாயின. அவரைப் பொறுத்தவரை அது சிறிய தியாகம் அல்ல. அடுத்து அட்டையை வெட்டினார். பேனாவைத் திறந்தார். பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத சரக்கு. கை பழக்கத்தில் எழுதியது: ‘இதர’. ஒட்டிவிட்டு, நாளைச் சாயங்காலம் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் டெப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

சிறுமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போதுதான் வந்திருந்தது. “இ... த... ர. அண்ணா, இதரன்னா என்ன?”

பல் துலக்கிக்கொண்டிருந்த மகன் நுரையோடு சொன்னான்: “எதுலயும் சேராதது. மிச்சம் மீதி.”

அவள் அழவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, கூடத்தின் வழியாகத் தள்ளிக்கொண்டு போய், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்துதான் பாலைக் குடித்தாள்.

சாயங்காலம் அவர் கால் இடறியது அந்தப் பையில்தான்.

“என்னங்க, உலகத்துல வேற வார்த்தையே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள் மனைவி.

“உள்ள என்ன இருக்குன்னு தெரியல. தெரியாதத அப்படித்தானே எழுதணும்? சாயங்காலம் வரைக்கும்தான்.”

“அவ என்ன பேரிங்கா?”

அவர் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு சிறுமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “பையில என்னென்ன இருக்குன்னு சொல்லும்மா. பெரியப்பா சரியா எழுதிடறேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“சட்டை எத்தன?”

“சொல்ல மாட்டேன்.”

“பொம்மை இருக்கா? சக்கரம் உள்ளதா, இல்லாததா?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த அறையில் மனைவி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அந்த அட்டையை அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. சரியான சொல் கிடைக்கும்வரை இருக்கிற சொல்லை எடுக்கக்கூடாது. லேபிள் இல்லாத தட்டை அவரால் பார்க்க முடியாது. இதைக் கருணை என்று சொல்ல வழியே இல்லை. வெறும் பிடிவாதம். நாட்கள் போயின. வீட்டில் எல்லோரும் பையைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஆறரை மணி விளையாட்டுக்கு அவளைக் கூப்பிட்டால், பைமேல் உட்கார்ந்தபடி, மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டுவாள். “இங்க இடம் இருக்குன்னு போன்ல பெருசா சொன்னீங்களே” என்று மனைவி ஒரு நாள் மெதுவாகத்தான் கேட்டாள். அதனால்தான் அது உறைத்தது. மறுநாள் டெப்போவில் ஒரு மெக்கானிக் ஆயில் சீல் கேட்க, இவர் ஃபேன் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். பணிமனையே கூடிவிட்டது. “டேய், இடமே இடம் மாறிப்போச்சுடா!”

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. பிள்ளைகள் மூவரும் வீட்டில். பெரியவர்கள் இருவருக்கும் அரை நாள் வேலை.

மகனிடம் ஒரு தீப்பெட்டி இருந்தது. உள்ளே, இறந்துபோன ஒரு பச்சை வண்டின் ஓடு. அதோடு ஊதினால் காற்று மட்டும் வரும் ஒரு விசில், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. பதினாறு தட்டில் எதிலும் இவற்றுக்கு இடம் கிடையாது. எங்கே வைத்தாலும் ஆறரைக்கு அப்பா எடுத்துக் கையில் கொடுத்து, “இது எந்த வகை?” என்பார். பையன் ரேக்கின் முன்னால் நின்றான். ஒன்பது நாளாகக் காலியாக இருந்த தட்டைப் பார்த்தான்.

“அக்கா, இது அநியாயம். எனக்கு சட்டைன்னா சட்டைதான் வெக்கணும், பென்சில்னா பென்சில்தான் வெக்கணும். இவ மட்டும் இதரல என்ன வேணா வெக்கலாம்! வெக்கவும் மாட்டேங்கறா. நான் எடுத்துக்கப் போறேன்.”

வாசலிலிருந்து சிறுமியின் குரல் வந்தது. “அது எனக்கு எழுதினது.”

“நீதான் ஒண்ணுமே வெக்கலையே. சும்மா கெடக்குற தட்டு யாருக்கும் சொந்தமில்ல.”

“என்னோடது!”

“அப்போ வெச்சுக் காட்டு, மூட்டை. நான் மூணு எண்ணுவேன். ஒண்ணு...”

அவன் தீப்பெட்டியோடு கையை நீட்டினான். சிறுமி பையின் ஜிப்பை ஒரு சாண் திறந்தாள். முழங்கை வரை கையை விட்டு, அகப்பட்டதை உருவிக்கொண்டு ஓடிவந்து, அறை வாசலிலிருந்தே எறிந்தாள். ஒரு பச்சை சாக்ஸ். ஒன்றுதான். அது தட்டின் நடுவில் போய் விழுந்தது.

பையன் சிலைபோல நின்றான். டெப்போ வீட்டுப் பிள்ளை. கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவன். அந்தச் சட்டத்தை மீறத் தெரியாது.

“அக்கா... சாக்ஸ் போட்டுட்டா.”

கட்டிலின் மேல்தட்டில் புத்தகம் மெதுவாகக் கீழிறங்கியது. மகள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்: “துண்டு போட்ட சீட்டுடா. எந்திரி.”

பையன் பேரத்தில் இறங்கினான். “சரி, அது உனக்கே. எனக்கும் ஒரு இதர எழுதிக் குடு.”

“உனக்கு எழுதத் தெரியாதா?”

“நீதானே இதர ஓனர். நீ எழுதினாத்தான் செல்லும்.”

இப்படி யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அவள் நீலப் பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: ‘இதற’. மகன் அதை ‘பந்து வகை’ மேல் ஒட்டி, வண்டைக் குடியமர்த்தினான். மகளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அவளிடமும் எந்த வகையிலும் சேராத சில காகிதங்கள் இருந்தன. அதோடு நிற்கவில்லை. வேலை முடிந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டாள், சேலையைச் செருகிக்கொண்டாள், கத்தரிக்கோலை எடுத்து அட்டை வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு அவர் கதவைத் திறந்தார். செருப்பு வைக்கும் பலகையில் ‘இதற’. சுவர்க் கடிகாரத்தில் ‘இதற’. கண்ணாடி, வாளி, ஜன்னல், மகனின் முதுகு. பதினாறு தட்டிலும் நீல மை: பதினைந்து ‘இதற’, அவர் எழுதிய ஒரு ‘இதர’. மனைவி நெற்றியில் ஒன்று.

“என்ன அப்படிப் பாக்கறீங்க? இந்த வீட்டுல எல்லாருமே இதரதான். நீங்க மட்டும் என்ன, தனி ரகமா?”

சிறுமி ஓர் அட்டையும் டேப்பும் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். முகத்தில் சிரிப்பு ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார். அவள் சட்டைப்பையின் மேல் ஒட்டினாள். அவர் கண் நேராக அந்த எழுத்துக்குப் போனது. ஓர் எழுத்துப் பிழைக்காக ஒரு லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பியவர். உதடு அசைந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

“டேப் சரியா ஒட்டல. ஓரத்த அமுக்கும்மா” என்றார்.

அவள் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள்.

ஆறரைக்கு வழக்கம்போல “ஸ்டாக்!” என்று குரல் கொடுத்தார். இன்றைக்கு எதுவும் நடக்காது, பதினாறும் ஒன்றாக இருக்கும்போது எதை எங்கே வைப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். பிள்ளைகள் ஐம்பதுக்குள் முடித்துவிட்டார்கள். மகளின் கண்ணைக் கட்டி, “சிவப்பு பென்சில், கட்டை!” என்றார். போய் எடுத்து வந்தாள். மகனுக்கு, “வீட்டுச் சட்டை, கோடு போட்டது!” அவனும் எடுத்து வந்தான்.

“லேபிள் யாருக்கு வேணும்? உங்களுக்குத்தான்” என்றாள் மனைவி.

“எனக்கும் கட்டிவிடுங்க பெரியப்பா.” சிறுமிதான் கேட்டாள்.

துண்டைக் கட்டினார். அவளுக்கு அந்த ரேக்கில் தெரிந்தது ஒன்றுதான். “பச்சை சாக்ஸ்!” என்றார்.

அவள் நேராகப் போய்க் கையை வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் விளையாட்டை முடிக்கவில்லை. “ஜோடி?”

“பையில.”

“பை எங்க?”

கண்கட்டோடு அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போனாள். யாரும் வழிகாட்டவில்லை; மகன் மட்டும் அவள் பாதையிலிருந்து ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தினான். பையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து அறைக்கு வந்தாள். ஜோடியை எடுத்துத் தட்டில் வைத்தாள். பை திறந்துதான் கிடந்தது. அடுத்து ஒரு சட்டையை வைத்தாள். அடுத்து இன்னொன்று. ஒரு மரக் குதிரை. சக்கரம் மூன்று இருந்தது, ஒன்று இல்லை. அது எந்த வகை என்று அவர் கேட்கவில்லை. அப்புறம்தான் அவள் துண்டை அவிழ்த்தாள்.

மறுநாள் காலை லாரி வந்து நின்றது. சிறுமியின் அப்பா வாசலில் செருப்புகளைப் பார்த்தார், பையைக் காணோம். “கிளம்பலாமாம்மா?”

“நான் இடம் புடிச்சுட்டேன்ப்பா. நீ போயிட்டு வா.”

லாரிக்காரர் வாயைப் பிளந்தார். “சகலை, என்ன மந்திரம் போட்டீங்க?”

“ஒண்ணும் போடல. எழுதினதுல ஒரு தப்பு” என்றார் அவர். சட்டைப்பையில் அந்த அட்டை இன்னும் ஒட்டியிருந்தது. அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமானால், இதைச் சொல்லலாம்: அந்த வருடம் முழுக்க அவர் அந்த ‘ற’வைத் திருத்தவில்லை.

வருடம் ஓடியது. சிறுமியின் அம்மா ஒரு முற்பகலில் வந்து இறங்கினாள். பிள்ளைகளின் அறைத் தரையில் அதே பையை விரித்து வைத்தார்கள். வெளியே போகும் சரக்கை இரண்டு முறை எண்ண வேண்டும் என்பது ஸ்டோர் முறை. அவர் ஸ்டாக் அட்டையின் பின்னால் பட்டியல் எழுதி வாசிக்க, சிறுமி எடுத்துக் கொடுக்க, அவரே பையில் வைத்தார். மொத்தம் அறுபத்து நான்கு உருப்படி.

“சாக்ஸ், பச்சை, ரெண்டு.”

அவள் இரண்டையும் கொடுத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள். மகள் மேல்தட்டில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றைப் பையில் வைத்தார். மற்றதைத் தட்டின் நடுவில் வைத்தார். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. பட்டியலில் ‘2’ என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டார். கடைசி வரியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நான்கு நாள் கழித்து போன் வந்தது. “பெரியப்பா! பச்சை சாக்ஸ் ஒண்ணக் காணோம்! அது இப்போ என் கால்ல ஏறாதுதான். ஆனாலும் காணோம்! எங்க இருக்கு?”

“அதோட இடத்துல” என்றார்.

லாரி இன்றும் பத்து நாளைக்கு ஒரு முறை அந்த வழியாகத்தான் போகிறது. வாசலில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சகலை கிளம்புவார். சாக்ஸ் தட்டிலேயே இருக்கிறது. ஏன் கொடுத்தனுப்பவில்லை என்று மனைவி கேட்டாள். மகளும் கேட்டாள். மணி ஆறரை ஆகியிருந்தது. அவர் கூடத்துக்குப் போய், “ஸ்டாக்!” என்று குரல் கொடுத்தார்.